தயிர்சோறும் தண்ணீர்த் தொட்டியும்

அன்புள்ள அண்ணாச்சி,
சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். அம்மன் கோயில் கொடை விழாவில் சாப்பிட்ட 30 பேருக்கு வயிற்றுப்போக்கு. அதில் 27 பேர் தயிர்சோறு சாப்பிட்டவர்கள். சமையல்காரரை ஊரே ஏசுகிறது. சுகாதார ஆய்வாளரோ நல்லா இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய், "நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று எழுதிக்கொண்டிருக்கிறார். இது என்ன விசாரணை?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,
அதுதான் விசாரணை. உங்கள் கையில் இருப்பது பாதிக் கணக்கு. கொடைப் பந்தியில் தயிர்சோற்றை வேண்டாமென்று எழுந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு பேச்சுக்கு 120 பேர் சாப்பிட்டதாக வைப்போம். தயிர்சோறு சாப்பிட்ட 108 பேரில் 27 பேர் படுத்தார்கள், 25 சதவீதம். தொடாத 12 பேரில் 3 பேர், அதுவும் 25. அப்படியானால் சோற்றின்மேல் பழி நிற்காது. அதே 120 பேரைத் தண்ணீரை வைத்துப் பிரியுங்கள். பந்தலோரத் தொட்டியில் குடித்த 40 பேரில் 24 பேர், அதாவது 60 சதவீதம். குடிக்காத 80 பேரில் 6 பேர், 7.5 சதவீதம். எட்டு மடங்கு! நல்லா இருக்கிறவர்களைக் கேட்காமல் இந்த எட்டு வராது.

அதற்காக உடனே தொட்டியைக் குற்றவாளி ஆக்கிவிடவும் கூடாது. அதில் குடித்தவர்களில் பெரும்பாலோர் கடைசிப் பந்தியாக இருந்து, அதற்குள் குழம்பு ஆறிக் கெட்டிருந்தால்? பந்தி பந்தியாகத் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் குடித்தவர்களே கூடுதலாகப் படுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

யாரை நோயாளி என்பது என்று முதலிலேயே வரையறுக்க வேண்டும்: கொடை முடிந்த 3 நாளுக்குள், ஒரே நாளில் 3 தடவையாவது நீராகப் போனவர். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், வீட்டில் கஞ்சி குடித்துக் கிடந்தவர்கள் விடுபடுவார்கள். வதந்தி பரவிய பிறகு கேட்டால் நோயாளிக்குத் தயிர்சோறு மட்டுமே ஞாபகம் வரும். அதனால் எல்லோரிடமும் ஒரே தாளை வைத்து, ஒவ்வொரு பதார்த்தமாகக் கேட்க வேண்டும்.

நோய் தொடங்கிய மணியையும் குறிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட 1 முதல் 6 மணிக்குள் வாந்தி என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி சாப்பாட்டில் விடும் நச்சைச் சந்தேகிக்கலாம். அரை நாள் கழித்து வயிற்றைப் பிசைந்து பேதி என்றால் ஆறிக் கிடந்த குழம்பை. நாலைந்து நாளாகியும் புது ஆட்கள் படுத்தால் நோயின் ஊற்று இன்னும் அடைபடவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

எங்கும் நடக்கும் தவறு ஒன்று: முதலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, அப்புறம் தண்ணீர் மாதிரி எடுப்பது. பரிசோதனையில் சுத்தம் என்றுதான் வரும்! மாதிரி முதலில். அதுவும் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இட்ட பாட்டிலில். இல்லையென்றால் தண்ணீரில் மிஞ்சிய குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும். மாதிரி எடுத்த கையோடு குளோரின் போட்டுவிடலாம், முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.