போதகர் எழுதிய வரலாற்றை நம்பலாமா?

கேள்வி: திருச்சபை வரலாற்றைப் போதகரே எழுதினால் அது பிரசங்கமாகத்தானே இருக்கும்? நம்பிப் படிக்கலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பிரசங்கமும் கலந்துதான் இருக்கும், அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். ராபர்ட் உட்ரோவைப் பாருங்கள். கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஈஸ்ட்வுட்டில் 1703 முதல் 1734இல் சாகும்வரை பிரஸ்பிட்டேரியன் போதகர், அதாவது பிஷப்புகளை ஏற்காமல் மூப்பர்களைக் கொண்டு நடக்கும் சபையைச் சேர்ந்தவர். 1660க்கும் 1688க்கும் இடையில் ஸ்காட்லாந்துத் திருச்சபை பட்ட பாடுகளை இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதி 1721, 1722இல் வெளியிட்டார். பிஷப்புகளின் ஆட்சியை ஏற்காதவர்களை அரசு வேட்டையாடிய காலம் அது. உட்ரோ நடுநிலையாளர் இல்லை. 1679இல் அவர் பிறந்தபோது, அப்படித் தேடப்பட்டு, மறைவாக மனைவியைப் பார்க்க வந்த தந்தை, மருத்துவரின் வேலைக்காரனைப் போல விளக்கைத் தூக்கிக்கொண்டு படைவீரர்களிடமிருந்து தப்பினார் என்று ஒரு கதை உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது நியாயமா?

நான் அவரை மதிப்பது வேறொன்றுக்காக. அந்த வேட்டையில், 1685 மே மாதம் ஸ்காட்லாந்தின் விக்டவுன் என்ற ஊரில், மார்கரெட் வில்சன் என்ற இளம்பெண்ணையும் மார்கரெட் மக்லாக்லன் என்ற மூதாட்டியையும் கம்பங்களில் கட்டி, ஏறிவரும் கடல்நீரில் மூழ்கடித்த செய்தியை உருக்கமாகச் சொல்கிறார். அதோடு, தண்டனையை நிறுத்திவைக்கும்படி எடின்பரோ அரசவை ஏப்ரல் இறுதியில் இட்ட உத்தரவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அப்படியானால் மூழ்கடித்தவர்களின் குற்றம் இன்னும் பெரிது என்பது அவர் வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க் நேப்பியர் என்ற வழக்கறிஞர் அதே உத்தரவை வைத்துக்கொண்டு, அந்தக் கொலையே நடக்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். சபைப் பதிவேடுகளோ நடந்தது என்கின்றன. தன் கட்சிக்கு இடைஞ்சலான தாளைக் கிழித்துப் போடாதவரை நான் நம்பிப் படிப்பேன், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

கேள்வி: சபை வேலைக்கு நடுவே இவ்வளவு எழுத நேரம் ஏது?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வீட்டில் பதினாறு பிள்ளைகள் வேறு! அவர் மனைவிக்கு நேரம் ஏது என்றும் கேட்டிருக்கலாம் நீங்கள். போதகராகும் முன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்ததால் தாள்களைத் தேடும் பழக்கம் கைவந்திருந்தது. கிளாஸ்கோவும் ஸ்டர்லிங்கும் அழைத்தும் அந்தச் சிறிய சபையை விட்டுப் போகவில்லை. அங்கிருந்தபடியே அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்த காட்டன் மாதர் என்ற போதகர்வரை கடிதம் எழுதினார், புதைபடிவங்களும் சேர்த்தார். மன்னர் முதலாம் ஜார்ஜ் புத்தகத்துக்காக நூறு கினி (அக்காலப் பிரிட்டிஷ் பொற்காசு) கொடுத்தார்.

கேள்வி: குறையே இல்லாதவரா?
— அதே வாசகி

பதில்: நிறைய உண்டு. பேய், சூனியம், அற்புத அடையாளம் என்று காதில் விழுந்ததையெல்லாம் தன் குறிப்பேடுகளில் நிரப்பினார். அவை 1840களில்தான் அச்சேறின. யார் சொல்லிக் கேட்டோம் என்பதைப் பல இடங்களில் குறித்திருக்கிறார். பேயை நம்பாதவர்களும் அந்த ஊர்க்காரர்களின் பேச்சுக்காக அவற்றைப் படிக்கலாம்.