மின்சார மவுண்டன் பைக்குக்கு ஸ்பிரிங் ஃபோர்க்கா, காற்று ஃபோர்க்கா? திருகோணமலையில் எது நின்று பிடிக்கும்?

பின்னால் வாசிக்க வருகிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் எடை 84 கிலோ. சைக்கிள் 23 கிலோ, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லை. முன் சில்லைப் பிடித்து அதிர்வை வாங்குகிற ஃபோர்க், கம்பனி போட்டுத் தந்த, 100 மில்லிமீற்றர் வரை அமுங்குகிற ஸ்பிரிங் ஃபோர்க்; அது பிறேக் பிடித்தால் அடி மட்டும் இறங்கிவிடுகிறது. வேலை நாளில் நகரத்துக்குள் ஓட்டம், சனி ஞாயிறில் கன்னியா, நிலாவெளிப் பக்கம். இன்னும் நல்ல ஸ்பிரிங் ஃபோர்க் போடுவதா, ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே காற்று அடைத்த ஃபோர்க்குக்கு மாறுவதா, 150 மில்லிமீற்றர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்று போடுங்கள். 120 மில்லிமீற்றர் போதும். ஃபோர்க்கில் மேலும் கீழும் போய்வருகிற அந்த மினுங்கும் தண்டு 34 அல்லது 35 மில்லிமீற்றர் பருமனில், அலுமினியத்தில் இருக்க வேண்டும். ஃபோர்க்குக்குக் காற்று அடிக்கிற ஷொக் பம்பையும் அன்றைக்கே சேர்த்து வாங்குங்கள்.

இதில் தண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் இதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை, அவர்களுக்குக் கடற்காற்று இல்லை. நான் இருப்பது உப்புவெளியில், வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போகலாம். என் முதல் சைக்கிளோடு வந்தது விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க். தண்டு இரும்பு, மேலே குரோம் பூச்சு. முதல் மாரி முடிந்து தை மாதத்தில் ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்தபோது வலப்பக்கத் தண்டில், மிளகுத்தூள் தூவினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகளைக் கண்டேன். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த இடத்தில் தடக்கியது. ஊத்தை என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. துரு குரோமைத் துளைத்து வெளியே வந்திருந்தது.

அந்தப் புள்ளி பார்க்க ஒன்றுமில்லாத மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது தூசி சீலுக்குள், அதாவது தண்டு உள்ளே போகிற வாயில் இருக்கிற ரப்பர் வளையத்துக்குள், போய்ப் போய் வருகிறது, ரப்பரின் மெல்லிய உதட்டை அரம் போல அராவுகிறது. ஆனி மாதமளவில் தண்டைச் சுற்றிக் கறுப்பாய் எண்ணெய் வளையம் ஒன்று தெரிந்தது. அந்த எண்ணெயில் நிலாவெளி மணல் ஒட்டி, மணல் உள்ளே போய், கடைசியில் அமர்ந்த ஃபோர்க் எழும்பவேயில்லை. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் ஒரு பழுதும் இல்லை. தண்டும் சீலும்தான் போயிருந்தன.

அதனால் கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்டில் ஒட்டினால் இரும்பு. ‘காற்று ஃபோர்க்’ என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பி வாங்காதீர்கள், காற்று ஃபோர்க்கிலும் இரும்புத் தண்டு உண்டு. ராக்‌ஷொக்ஸ் கம்பனியின் ரீகன் காற்று ஃபோர்க்தான், ஆனாலும் பெயரில் ‘சில்வர்’ என்றால் தண்டு இரும்பு, ‘கோல்ட்’ என்றால் அலுமினியம். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் நிறத்தைத் தவிர வித்தியாசம் தெரியாது.

அடுத்தது பருமன். சாதாரண மவுண்டன் பைக் 13, 14 கிலோ வரும், உங்களுடையது மோட்டரும் பற்றரியுமாய் 23. நிறுத்தும்போது அந்தப் பாரத்தில் பெரும்பகுதி முன்னுக்கு வருகிறது. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுக் கோட்டைக்குள்ளால் இறங்கி வரும்போது எனக்கு ஒரு தடவை மான் குறுக்கே பாய்ந்தது. முன் பிறேக்கை இறுக்கினேன். 30 மில்லிமீற்றர் தண்டுள்ள அந்தப் பழைய ஃபோர்க் பின்னுக்கு வளைந்து, ஹாண்டில் ஒரு பக்கம் இழுபடுவதைக் கையில் உணர்ந்தேன். சுவர்த் தடிப்பு ஒன்றாக இருந்தால், 30 மில்லிமீற்றர் குழாயை விட 35 மில்லிமீற்றர் குழாய் ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். மின்சார சைக்கிளுக்கு ராக்‌ஷொக்ஸ் 35 கோல்ட், சன்டூர் எக்ஸ்சிஆர் 34 போன்றவற்றைச் சொல்வது இதனால்தான். 36 மில்லிமீற்றர் தண்டுள்ள பொக்ஸ் 36க்குப் போனால் இன்னும் நல்லது, ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அவ்வளவு காசைக் கொட்டத் தேவையில்லை.

இனி ஸ்பிரிங்கா காற்றா. ஸ்பிரிங்குக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கன்னியாவைத் தாண்டி உள்ளே போகிற கிறவல் பாதைகளில் வெயில் காலத்தில் தகரக் கூரை போல வரிவரியாய் விழுந்திருக்குமே, அந்த இடத்தில் நல்ல ஸ்பிரிங் ஃபோர்க் காற்றை விட மெதுமையாக ஓடும். காற்று ஃபோர்க்கில் சீல்கள் அதிகம், உரசலும் அதிகம், சின்ன அதிர்வுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் அசையும். ஆனால் கம்பனி போடுகிற ஸ்பிரிங் நடுத்தர எடை ஆளை நினைத்துப் போடுவது. 84 கிலோவுக்கு வேறு ஸ்பிரிங் மாற்ற வேண்டும், அதை இங்கே தேடி எடுப்பது பெரும்பாடு. மேலே இருக்கிற பிரீலோட் குமிழை இறுக்கினால் சரிவரும் என்று பலர் சொல்வார்கள். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் பலம் கூடாது. அந்தக் குமிழை முழுக்க இறுக்கியும் அடி மட்டும் இறங்குகிறது என்றுதானே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

காற்றென்றால் உங்கள் எடைக்கு நீங்களே அடித்துக்கொள்ளலாம், பின்னால் பை கட்டினால் கொஞ்சம் கூட்டலாம். ஃபோர்க்கின் காலில் ஒட்டியிருக்கிற காற்று அட்டவணை சாதாரண சைக்கிளை வைத்து எழுதியது, அதை ஆரம்பமாக மட்டும் எடுங்கள். சைக்கிளில் ஏறிப் பெடலில் எழுந்து நில்லுங்கள். தண்டில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஆட்டாமல் இறங்கி அளந்து பாருங்கள். 120இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 24 மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் சரி. வளையம் இல்லாவிட்டால் ஒரு கேபிள் டை கட்டினால் போதும்.

பம்பைப் பற்றி ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஃபோர்க்கின் வால்வு மோட்டார் சைக்கிள் ரியூப் வால்வு மாதிரியேதான் இருக்கும். பம்ப் வாங்குமுன் நான் ரயர் கடைக்குக் கொண்டுபோனேன். “இது எங்கட வால்வுதானே அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ” என்று அந்தப் பொடியன் கொம்பிரசரை வைத்தான். ஃபோர்க்கினுள்ளே இருக்கிற இடம் ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட வராது, கண் மூடித் திறக்குமுன் நிரம்பிவிட்டது. முன்பக்கம் கல்லாகிப்போனது, ஆள் ஏறி நின்றும் அசையவில்லை. அவன்மேல் பிழை இல்லை, அவன் கருவி ரயருக்கானது. ஷொக் பம்பில் ஒரு தள்ளுக்குக் காற்றழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐதான் ஏறும், நமக்கு வேண்டியது அதுதான். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்று வைக்கிற ரீபவுண்ட் குமிழையும் விட்டுவிடாதீர்கள். அந்த வரிப்பாதையில் அது மெதுவாக இருந்தால், ஒரு வரியில் அமர்ந்த ஃபோர்க் எழும்புமுன் அடுத்த வரி வந்து, படிப்படியாகக் கீழே போய் இறுகிவிடும். இரண்டு கிளிக் வேகமாக்கிப் பாருங்கள்.

150 வேண்டாம். ஃபோர்க் 20 மில்லிமீற்றர் நீண்டால் முன்பக்கக் கோணம் ஏறக்குறைய ஒரு பாகை சாயும். 50 கூட்டினால் ஏற்றத்தில் முன் சில்லு மிதக்கும், பிறேமின் கழுத்தில், அதாவது ஃபோர்க் பிறேமுக்குள் நுழைகிற இடத்தில், விழுகிற நெம்புவிசையும் கூடும். மோட்டபைக் மாதிரி, கழுத்துக்கு மேலும் கீழும் பிடிக்கிற இரட்டைக் கிரவுண் ஃபோர்க் வேண்டும் என்று ஆசை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள், உங்கள் பிறேம் அதற்குச் செய்ததில்லை.

காசு கொடுக்குமுன் சில்லின் அளவு, ஃபோர்க்கிலிருந்து கழுத்துக்குள்ளால் ஹாண்டிலுக்குப் போகிற குழாய் நேரா அடிப்பக்கம் அகலமா, அச்சு 9 மில்லிமீற்றரா 15ஆ என்று பாருங்கள். 15 என்றால் சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பின் அகலம் 100ஆ 110ஆ என்பதையும் பார்க்க வேண்டும். ஹப் பொருந்தாவிட்டால் சில்லையே மாற்ற வேண்டி வரும்.

போட்ட பிறகு, கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் தண்டையும் சீல் ஓரத்தையும் துடைத்து, உலரத் துடையுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் வாகனம் கழுவுகிற அழுத்தத் தண்ணீரைச் சீல் பக்கம் காட்டவே கூடாது. ஃபோர்க்கின் கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்றும் வேலைக்கு ராக்‌ஷொக்ஸ் 50 மணி நேர ஓட்டம் என்று சொல்கிறது. நான் மணிக்கணக்கு வைப்பதில்லை, மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருதரம், முடிந்து தையில் ஒருதரம் செய்கிறேன். இப்போதைய ஃபோர்க்குக்கு மூன்றாவது வருடம், தண்டில் நகம் தடக்கவில்லை.

கழுத்து அளவு எடுக்கத் தெரியாவிட்டால் ஹாண்டிலுக்குக் கீழே பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். உப்புவெளிப் பக்கம் வந்தால் காந்தமும் பம்பும் என்னிடம் இருக்கின்றன.