லேயில் உறைந்து வெடித்த ரிக் வண்டி எஞ்சின்: எந்த பாலிசி பேசும்?

கேள்வி: வணக்கமுங்க வக்கீலய்யா. திருச்செங்கோடு பக்கமுங்க எங்களுக்கு. நானும் பங்காளியும் கூட்டா ஒரு போர்வெல் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறோம், 6 வருச வண்டி. லடாக்ல லே பக்கம் ஒரு கான்ட்ராக்டருக்கு ஓடிட்டிருந்துச்சு. தீபாவளிக்கு ஊருக்கு வந்த பசங்க, பனி விழுந்து ரோடு அடைச்சதால திரும்பிப் போகலைங்க. ரேடியேட்டர்ல வெறும் தண்ணி. ஏப்ரல்ல போயி சுடுதண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணுனா லாரி எஞ்சின் பிளாக்குல விரிசல், ஆயில் பால் மாதிரி ஆயிருச்சு. கம்பரசர் எஞ்சின் சைடுல ஒரு சாணுக்கு வெடிச்சிருக்குதுங்க. தண்ணிய எறக்கச் சொல்ல வேண்டியது பங்காளி பொறுப்பு, அவன் கண்டுக்கவே இல்லை. கான்ட்ராக்டர் வாடகைப் பாக்கியும் தரமாட்டேங்கறான். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல போன்லயே ‘மெக்கானிக்கல் பிரேக்டவுன், கிடைக்காது’ன்னுட்டாங்க. லாரிக்கு ஒரு பாலிசி, ரிக்குக்கும் கம்பரசருக்கும் தனியா ஒரு பாலிசி. வண்டிய டிரெய்லர்ல ஏத்தி சங்ககிரி கொண்டாந்துட்டோம். ரெண்டு எஞ்சினையும் மாத்தறதா, ரிப்பேர் பண்றதா? பங்காளி மேல கேஸ் போடலாமுங்களா? கூலன்ட் வாங்குன மாதிரி ஒரு பில் வாங்கி வெச்சுக்கச் சொல்றாரு மெக்கானிக்.

பதில்: பங்காளி கண்டுகொள்ளாதது, கான்ட்ராக்டர் ஏமாற்றுவது, ஆபீஸில் போனில் பேசிய விதம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் பணத்தைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: வெடித்த ஒவ்வொரு எஞ்சினும் எந்த பாலிசியின் கீழ் வருகிறது என்பது.

லாரியின் மோட்டார் பேக்கேஜ் பாலிசியில், வண்டிக்கு ஏற்படும் சேதம் பற்றிய முதல் பிரிவைப் படியுங்கள். வெள்ளம், புயல், சூறாவளி, ஆலங்கட்டி என்று போகும் வரிசையில் ‘ஃபிராஸ்ட்’ என்று ஒரு சொல் இருக்கும். உறைபனி. ஆகவே லாரி எஞ்சினுக்கு நீங்கள் கேட்பது பாலிசியே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட ஆபத்துக்கான பணம். ‘மெக்கானிக்கல் பிரேக்டவுன்’ என்ற விலக்கை (இதற்குப் பணம் கிடையாது என்ற வரியை) அதன்மேல் போர்த்திவிட முடியாது. தானாகத் தேய்ந்து உடைவது வேறு, தண்ணீர் பனிக்கட்டியாகி சுமார் 9 சதவீதம் விரிந்து வார்ப்பிரும்பை உள்ளிருந்து பிளப்பது வேறு.

ரிக்கும் கம்பரசரும் இருப்பது கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி பாலிசியாக இருக்கும். அதன் வழக்கமான விலக்குப் பட்டியலில் ‘கூலன்ட் அல்லது வேறு திரவம் உறைதல்’ என்றே எழுதியிருக்கும். உங்கள் பிரதியிலும் அந்த வரி இருந்தால் கம்பரசர் எஞ்சினுக்கு ஒரு ரூபாயும் வராது, அதற்காக வக்கீல் பீஸ் செலவழிக்காதீர்கள். ஒரே விதிவிலக்கு: லாரி பாலிசியின் ஐ.டி.வி.யில், அதாவது வண்டிக்கென்று அதில் எழுதிய மதிப்பில், கம்பரசரின் மதிப்பும் சேர்ந்திருந்தால் அதற்கும் மோட்டார் பாலிசியிலேயே கேட்கலாம். முதலில் அந்தத் தொகையைப் பாருங்கள்.

போனில் சொன்னது மறுப்பே ஆகாது. எழுத்தில் கிளெய்ம் கொடுத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்காவிட்டால் இன்றே ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சேதத் தேதி எழுதும் இடத்தில் கவனம். ஸ்டார்ட் செய்த ஏப்ரல் தேதியை மட்டும் போட்டால், அந்த மாதத்தில் அங்கே அத்தனை குளிர் இல்லையே என்று முதல் கேள்வியிலேயே மடக்குவார்கள். இடையில் பாலிசி புதுப்பித்திருந்தால், கிளெய்ம் தவறான பாலிசி ஆண்டில் போய் விழும். ‘குளிர்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோது உறைந்து சேதம், இன்ன தேதியில் தெரியவந்தது’ என்று எழுதுங்கள். அந்த மாதங்களின் தினசரிக் குறைந்தபட்ச வெப்பநிலைப் பதிவை வானிலைத் துறையிடம் எழுதிக் கேட்டு வாங்கி இணையுங்கள். லேயில் குளிர்கால இரவுகள் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போகும். அந்தக் காகிதம் உங்களுக்காகப் பேசும்.

இனி, நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். சுடுதண்ணி ஊற்றி ஸ்டார்ட் செய்தீர்களே, அது. பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டினால், அதனால் கூடுகிற சேதம் முழுக்க உரிமையாளர் பொறுப்பு என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனை. விரிசல் வழியாகத் தண்ணீர் சம்ப்பில் (எஞ்சினின் அடி ஆயில் தொட்டியில்) இறங்கி ஆயில் பாலானது. அந்த ஆயிலில் எஞ்சின் சுற்றினால் பேரிங் தேயும், அதில் சுற்றும் கிராங்க் தண்டின் வழவழப்பான பரப்பில் கோடு விழும். உறைந்ததால் வந்த சேதத்தையும் ஓடியதால் வந்த சேதத்தையும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பிரிக்கப் பார்ப்பார். உங்களிடம் ஆதாரம் இல்லையென்றால் மொத்தத்தையும் இரண்டாவது கணக்கில் எழுதிவிட்டுப் போவார்.

ஆகவே அந்த எஞ்சினில் இனி யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. எழுத்தில் சர்வேயரைக் கேளுங்கள். அவர் முன்னால், கிராங்க் சுற்றாமல், முதலில் சம்ப் ஆயிலை இறக்கிக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து சீல் வையுங்கள். ரேடியேட்டர் டிரெயினையும் பிளாக்கின் டிரெயின் பிளக்கையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் பிளாக் டிரெயின் துரு, உப்புப் படிவத்தால் அடைத்திருக்கும். கீழ் ஹோஸைக் கழற்றி ரேடியேட்டரை வடித்தாலும் பிளாக்குக்குள் தண்ணீர் நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக் (வட்டத் தகடு மூடி) தெறித்திருந்தால் பிளாக் தப்பித்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னால் நம்பாதீர்கள், அது வார்ப்பு மணலை எடுக்க விட்ட துளையின் மூடி. பிறகு வாட்டர் ஜாக்கெட்டை (பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் பாதையை) காற்றால் பிரஷர் டெஸ்ட், விரிசலின் இரு முனையும் தெரிய டை பெனட்ரன்ட் டெஸ்ட் (சாயம் தடவிப் பார்ப்பது). ஹெட், ஆயில் கூலர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆயில் கூலரை விட்டுவிட்டுப் பிளாக்கை மட்டும் சரிசெய்தால் ஆயிலில் மறுபடி தண்ணீர் கலக்கும். கிளெய்ம் முடியும்வரை கழற்றிய எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

மாற்றுவதா, ரிப்பேரா என்பதை விரிசல் ஓடும் இடம்தான் சொல்லும். வெளிப்புற ஜாக்கெட் சுவரோடு நின்றால் மெட்டல் ஸ்டிச்சிங் போதும். சூடு காட்டாமல் விரிசல் நெடுக மரை பின்களை வரிசையாக இறக்கிக் கட்டும் வேலை அது. வெல்டிங் என்று யாராவது வந்தால், முழு பிளாக்கையும் முன்சூடு செய்து மெல்ல ஆறவிடும் வசதி அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வெல்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். மெயின் பேரிங் தாங்கும் சுவருக்கோ, லைனர் (பிஸ்டன் ஓடும் குழாய்) உட்காரும் இடத்துக்கோ, ஹெட் உட்காரும் மேல்தளத்துக்கோ விரிசல் போயிருந்தால் பிளாக்கை மாற்றியே ஆகவேண்டும்.

பணக் கணக்கு வேறு மாதிரி ஓடும். 5 வயதைத் தாண்டி 10-க்குள் இருக்கும் வண்டிக்கு உலோக உதிரிபாகங்களில் 40 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக்கில் 50. கூலிக்குக் கழிவு இல்லை. உதாரணத்துக்கு, புது பிளாக்கும் சாமான்களும் 4,20,000, கூலி 60,000 என்றால் வருவது 3,12,000, உங்கள் கையிலிருந்து 1,68,000. ஸ்டிச்சிங், கழற்றி மாட்டும் கூலி 1,30,000, சாமான் 50,000 என்றால் கையிலிருந்து போவது சுமார் 20,000தான். கட்டாயக் கழிவுத்தொகையும் பழைய சாமானின் மதிப்பும் இரண்டிலும் தனியே குறையும். ‘கம்பெனிப் பணம்தானே, புதுசே போடுவோம்’ என்று எஸ்டிமேட்டை ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிளாக் மாறினால் எஞ்சின் நம்பரும் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு 14 நாளில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பைனான்ஸ் இருந்தால் அவர்கள் கடிதமும் தேவை.

கூலன்ட் பில் வேண்டவே வேண்டாம். சர்வேயர் ரேடியேட்டரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து கூலன்ட் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் வெறும் தண்ணீர் என்று தெரிந்துவிடும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அந்த பில் உண்மையானால் பிளாக் ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வெறும் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் ‘நியாயமான பாதுகாப்பு எடுக்கவில்லை’ என்று நிபந்தனை மீறலாகும். பொய் பில் கொடுத்தால் கிளெய்ம் மொத்தமும் மோசடியாகும். வாக்குமூலத்தில் டிரைவரும் உள்ளதையே சொல்லட்டும்.

நிபந்தனை மீறலுக்கு ஒரு வழி இருக்கிறது. அமலேந்து சாஹு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுதாகக் கைவிரிக்காமல் ‘நான்-ஸ்டாண்டர்டு’ (தொகையைக் குறைத்துக் கொடுக்கும்) அடிப்படையில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அதையே கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். மீதிக் கால்பங்குக்காக வண்டியை இன்னொரு சீசன் சங்ககிரியில் நிறுத்துவது உங்களுக்குக் கட்டாது. நின்ற நாட்களின் வாடகை நஷ்டத்தைக் கிளெய்மில் சேர்க்காதீர்கள், அது தொடர் நஷ்டம், விலக்கில் இருக்கிறது. எழுத்தில் மறுத்தால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொழில் வண்டி என்று தடுக்க முடியாது, ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் அது தீர்ந்தது. சட்டம் 2 வருடம் தருகிறது, ஆனால் பாலிசியில் மறுத்த நாளிலிருந்து 12 மாதம் என்று ஒரு நிபந்தனை இருக்கலாம். அது செல்லுமா செல்லாதா என்று வாதாடும் நிலைக்குப் போகாமல் 12 மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள்.

கான்ட்ராக்டர் விஷயம் சுருக்கம். ஆளோடு வண்டியை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், வண்டி உங்கள் ஆட்களின் வசத்தில்தான் இருந்தது. எஞ்சினுக்கு அவர் பொறுப்பில்லை. வாடகைப் பாக்கி தனிக் கணக்கு, 3 வருடத்துக்குள் கேட்கலாம். பாக்கி வாங்குவதற்காக ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கிளெய்ம் முடியும்முன் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவரிடம் நஷ்டம் கேட்கும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்று அதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பிடித்துக்கொள்ளும்.

பங்காளி மேல் கேஸ் போடாதீர்கள். கூட்டு பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பதைத் தவிர வேறு வழக்கைத் தடுக்கும். பதிவாகியிருந்தாலும் அவர் ‘வேண்டுமென்றே’ அலட்சியம் செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், சொல்ல மறந்தார் என்பது போதாது. இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ‘தண்ணீர் இறக்காமல் வேண்டுமென்றே விட்டான்’ என்று நீங்கள் தாக்கல் செய்யும் மனுவையே இன்சூரன்ஸ் கம்பெனி நகலெடுத்து, உரிமையாளரே ஒப்புக்கொண்ட அலட்சியம் என்று ஆணையத்தின் முன் வைக்கும். கோபத்தில் எழுதுகிற வாட்ஸ்அப் குரல் செய்திக்கும் இதே கதிதான்.

ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து உட்காருங்கள். கம்பரசர் எஞ்சின் செலவை இருவரும் எந்த விகிதத்தில் ஏற்பது, லாரிக்கு வரும் இன்சூரன்ஸ் பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது என்ற இரண்டை மட்டும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் தவறு என்று அதில் ஒரு வரியும் வேண்டாம்.