மகள் ஏன் கரம் விளையாட வருவதில்லை?

கேள்வி: வீடியோ கேம்களில் வரும் எதிரிகள் எப்படி நடக்க வேண்டும், எப்போது தாக்க வேண்டும் என்று நிரல் எழுதுவது என் தொழில். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக 19 வருடமாகச் செய்கிறேன். கற்றதை இளையவர்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டு, சனிக்கிழமை மாலையில் வீட்டிலேயே இலவச வகுப்பு தொடங்கினேன். முதல் நாளே ஏ-ஸ்டார் வழிதேடலை, அதாவது ஓர் இடத்துக்குப் போகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை, கணக்கோடு முழுதாக நிறுவிக் காட்டினேன். அன்று ஒன்பது பேர்; நாலாம் வாரம் இரண்டு பேர். 11 வயது மகளோடு முன்பு அந்த நேரத்தில் கரம் விளையாடுவேன். ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை, உலகம் விட்டுக்கொடுக்காதல்லவா? இப்போது அவளும் வருவதில்லை, ஆகவே நேரம் இருக்கிறது. பொறுமையில்லாத இந்தத் தலைமுறையை எப்படி இருத்தி வைப்பது?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, கற்றதைக் கொடுக்க ஆளில்லை என்று மாதத்துக்கு நாலு கடிதம் வருகிறது. ஓய்வுபெற்ற அதிபர், வங்கி முகாமையாளர், தவில் வித்துவான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் இளசுகள் மேல்தான் குறை. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், அந்தக் கரம் மட்டும் கண்ணில் படாவிட்டால்.

‘அவளும் வருவதில்லை, ஆகவே நேரம் இருக்கிறது.’ இதை எழுதும்போது கை நிற்கவில்லையா?

என் தங்கை மகனும் உங்கள் துறைதான். கடிதத்தைக் காட்டாமல் விஷயத்தை மட்டும் கேட்டேன். பேய்கள் துரத்தத் துரத்தச் சந்து பொந்தில் ஓடுகிற பேக்மேன் என்ற வீடியோ கேமைச் சொன்னான். 1980இல் ஜப்பானில் வந்தது. அதில் நாலு பேய்களும் ஓயாமல் துரத்துவதில்லையாம். முதல் லெவலில் ஏழு வினாடி தங்கள் தங்கள் மூலைக்குப் போகும், 20 வினாடி துரத்தும், மறுபடி மூலைக்குத் திரும்பும். ஆடுகிறவன் மூச்சு வாங்கட்டும் என்றுதான். ஆரஞ்சுப் பேய் இன்னும் ஒரு படி மேல்: எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் துரத்துவதை விட்டுத் தன் மூலைக்கு நடையைக் கட்டிவிடும். துப்பாக்கி விளையாட்டுகளில் எதிரியின் முதல் குண்டை வேண்டுமென்றே தவற விடுகிற வழக்கமும் உண்டு என்றான். அழகாகத் தோற்கிற எதிரியைச் செய்வதற்குத்தான் பெரியம்மா எங்களுக்குச் சம்பளம் என்று சிரித்தான்.

19 வருடம் ஊரார் பிள்ளைகளுக்குத் தோற்கத் தெரிந்த மனுசனுக்குச் சொந்தப் பிள்ளையிடம் ஒரு ஆட்டம் தோற்க மனமில்லை! உலகம் விட்டுக்கொடுக்காது என்பதை உலகமே அவளுக்குச் சொல்லும், அதற்கு ஒரு தகப்பன் வேண்டியதில்லை. தகப்பனின் வேலை, பிள்ளை மறுநாளும் பலகைக்கு முன்னால் வந்து உட்காரும்படி பார்த்துக்கொள்வது. இதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் கிடையாது.

2005இல் வந்த ஃபியர் என்ற துப்பாக்கி விளையாட்டில் எதிரிச் சிப்பாய்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கத்திக்கொள்வதாலும் அவர்கள் இன்னும் புத்திசாலிகளாகத் தெரிகிறார்களாம். நீங்கள் கரம் ஆடும்போது வாயைத் திறந்து ‘அட, நல்ல அடி’ என்று ஒருநாளாவது சொன்னீர்களா? ஒன்பதாவது காயையும் பேசாமல் போட்டுவிட்டு எழும்பிப் போயிருப்பீர்கள்.

வகுப்பிலும் இதே கதைதான். ஏ-ஸ்டார் 1968இல் ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி காட்டப் பிறந்தது. அந்த ரோபோ தட்டுத்தடுமாறி நகர்ந்த கதையைச் சொல்லி, பிள்ளைகள் கையில் ஒரு பேயைக் கொடுத்துத் துரத்தவிட்டிருந்தால் ஒன்பது பேரும் இருந்திருப்பார்கள். நீங்கள் முதல் நாளே கணக்கால் அடித்து விரட்டிவிட்டுப் பொறுமையில்லை என்கிறீர்கள்.

வரும் சனிக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள். அந்த இரண்டு பேருக்கும் நீங்களே போன் எடுத்து, மகளோடு வேலை இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். கரம் பலகையைத் துடைத்து, பவுடர் போட்டு, ‘வா’ என்று கூப்பிடுங்கள். முதல் வாரம் வரமாட்டாள். பலகையை எடுத்து வைக்காதீர்கள். வந்தால் முதல் அடி அவளுடையது. அவள் சிவப்பைப் போடத் திணறும்போது, அது குழி வாசலுக்கு நகர்கிற மாதிரி உங்கள் அடி கொஞ்சம் பிசகட்டும். வேண்டுமென்று விட்டது அவளுக்குத் தெரியக்கூடாது. அதை எப்படிச் செய்வதென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.