ஆறாத புண், கறுத்த மச்சம், பாவாடை நாடா: தோல் டாக்டரம்மாவின் பதில்கள்

மதுரையில் பல வருடம் தோல் மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தோல் புற்றுநோய் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். போட்டோ மட்டும் அனுப்பாதீர்கள், அதைப் பார்த்து நோய் சொல்ல மாட்டேன்.

மேலூர் வாசகி: அம்மாவுக்கு 66 வயது. மூக்கோரத்தில் மூன்று வருடமாகக் கறுப்பாக ஒரு பரு. முகம் கழுவினால் ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். சதை எடுத்துச் சோதித்ததில் 'பேசல் செல் கார்சினோமா' என்று வந்திருக்கிறது. கத்தி பட்டால் பரவிவிடும் என்று சித்தப்பா ஆபரேஷனைத் தடுக்கிறார்.

சித்தப்பாவை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். மேல்தோலின் அடி வரிசை செல்களில் தொடங்கும் புற்று இது. நிணநீர்க் கட்டிக்கோ நுரையீரலுக்கோ போவது மிக மிக அபூர்வம், நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. கத்தி பட்டதால் பரவியது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சும்மா விட்டால் இருந்த இடத்திலேயே தின்னும். மூக்குக் குருத்தெலும்பு, இமை, கண்குழி என்று மெதுவாக உள்ளே போகும். 1827-லேயே டப்ளின் டாக்டர் ஆர்தர் ஜேக்கப் இமையை அரிக்கும் இந்தப் புண்ணை விவரித்து எழுதிவிட்டார்.

இணையத்தில் தேடினால் வெள்ளைக்காரர் முகத்தில் முத்துப் போலப் பளபளக்கும் ரோஸ் நிறப் பருவைத்தான் காட்டும். நம் தோலில் அது பெரும்பாலும் கறுப்பாக வரும். மச்சம் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுவது அதனால்தான். ஓரம் லேசாக உயர்ந்து மினுங்குகிறதா, நடுவில் குழி விழுந்து பொருக்குத் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறியதாக, எல்லை தெளிவாக இருந்தால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலும் அதோடு தீரும். ஆனால் மூக்கு, இமை, காது கொஞ்சம் வம்பான இடங்கள். அங்கே அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு தையல் போடும் 'மோஸ்' முறை நல்லது. அது கிடைக்காத ஊரில் பிளாஸ்டிக் சர்ஜன் வெட்டி, ஓரங்களைச் சோதனைக்கு அனுப்புவார். ஆபரேஷன் தாங்காத உடம்பென்றால் கதிர்வீச்சு உண்டு. ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வரலாம், அதனால் பிறகும் வருடந்தோறும் காட்ட வேண்டும்.

வாடிப்பட்டி வாசகர்: முகத்தில் சின்னச் சின்னதாக நிறையக் கறுப்பு மரு. கேன்சரா?

இல்லை. குடும்பத்தில் பலருக்கும் இருக்கும், பாருங்கள்.

திருமங்கலம் வாசகர்: அப்பாவுக்குச் சின்ன வயதில் காலில் தீக்காயம், தழும்பு இருக்கிறது. அதில் ஐந்து மாதமாகப் புண், நாற்றம் வருகிறது. பச்சிலை வைத்துக் கட்டுகிறோம்.

கட்டை அவிழ்த்துவிட்டு நாளைக் காலையே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பழைய தீக்காயத் தழும்பில் பத்து இருபது முப்பது வருடம் கழித்துப் புற்று வருவதை மார்ஜோலின் புண் என்போம். பெரும்பாலும் அது செதிள் செல் புற்று, அதாவது மேல்தோலின் தட்டையான செல்களில் தொடங்குவது. மேலே மேலூர் அம்மாவுக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இது தொடை இடுக்கு நிணநீர்க் கட்டிக்குப் பரவக்கூடியது. புண்ணில் ஒரே இடத்தில் சதை எடுத்தால் தவறிப்போகலாம், ஓரங்களில் பல இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லோருக்குமாக: நாலு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் சதைப் பரிசோதனை. அதற்கு முன் பச்சிலை, களிம்பு எதுவும் வேண்டாம்.

உசிலம்பட்டி வாசகர்: நான் வெறுங்காலில் வயல் வேலை பார்ப்பவன். குதிகாலில் முள் குத்திய இடத்தில் கறுப்புத் திட்டு, பெரிதாகிறது.

முள் குத்தியதாகவே இருக்கட்டும், காட்டிவிடுங்கள். தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்று மெலனோமா. நம் நிறத்தவருக்கு அது வந்தால் வெயில் படும் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். பேசல் செல், செதிள் செல், மெலனோமா என்ற மூன்றில் ஆளைக் கொல்லும் ஆபத்து அதிகம் உள்ளது இதுதான். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் தொடங்கியது, 36 வயதில் இறந்தார். பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு இருப்பது நமக்குச் சகஜம். ஒரே நகத்தில் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகக்கண் தோலுக்கு ஏறினாலோ தாமதிக்காதீர்கள்.

செல்லூர் வாசகி: சேலை கட்டினால் புற்றுநோய் என்று செய்தி வந்ததே, நிஜமா?

சேலையால் இல்லை, இறுக்கத்தால். 2024-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு இந்தியப் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். இடுப்பில் ஆறாத புண், சோதித்தால் செதிள் செல் புற்று. ஒருவர் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுபவர். இன்னொருவர் பாவாடையே இல்லாமல் சேலையையே இறுக்கிச் சுற்றுபவர். புது விஷயமும் இல்லை. வேட்டி இறுக்கத்தால் வரும் இடுப்புப் புற்றை 1945-இலேயே மும்பையில் கானோல்கரும் சூர்யாபாயும் எழுதியிருக்கிறார்கள்.

அவனியாபுரம் வாசகி: எங்கப்பத்தா சாகும்வரை சேலைதான். ஒன்றும் வரவில்லையே?

கோடிப் பேர் கட்டுகிறார்கள், வருவது அபூர்வம் என்றுதான் நானும் சொல்கிறேன். தினமும் ஒரே இடத்தில் உரசி, வியர்வை தங்கி, தோல் கறுத்து, செதிளாகி, வெடித்து, ஆறாமல் வருடக்கணக்கில் கிடந்தால்தான் ஆபத்து.

முன்பு புதுமண்டபத்தில் தைத்த தையல்காரர்: நாடாவைக் குறை சொல்லாதீங்கம்மா. அகலப் பட்டை வச்சுத் தச்சா, சேலை நிக்கலைன்னு திருப்பிக் கொண்டாந்து போடுறாங்க.

ஓய்வு பெற்ற ஆசிரியை: எல்லோரும் சுடிதாருக்கு மாறினால் தீர்ந்தது.

கல்லூரி மாணவி: டீச்சர், சுடிதார் பேண்டிலும் நாடாதான்!

வேட்டி கட்டும் வாசகர்: பெல்ட்? அரைஞாண் கயிறு?

அரைஞாண் கயிறு தளர்வாகத்தான் கிடக்கிறது, அதை விடுங்கள். பெல்ட் அகலம், அழுத்தம் பரவிவிடும். மாணவி சொன்னது சரி, டீச்சர் மன்னிக்க வேண்டும். இனி சுடிதாரா சேலையா என்ற சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தம் வாசகர்: மச்சத்தில் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தால் உதிருமாமே?

உதிரும், தோலும் வெந்துபோகும். உள்ளே இருப்பது மெலனோமா என்றால் மேல்பகுதி மட்டும் போய், அடியில் அது வளர்ந்துகொண்டிருக்கும். சோதிக்கவும் சதை மிஞ்சாது. பியூட்டி பார்லரில் சுட்டு எடுப்பதற்கும் இதே பதில்.

பெத்தானியாபுரம் வாசகி: எனக்கும் மச்சம்...

மச்சத்துக்குக் கடைசிப் பதில் இது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, ஓரம் பிசிறு, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல், மாறிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் நேரில் காட்டுங்கள். போட்டோ அனுப்பிய ஏழு பேருக்கும் இதேதான்.

சன்ஸ்கிரீன் பற்றிக் கேட்ட நால்வருக்கு: முகம் கறுக்கும் என்ற கவலைக்குப் பூசுவது உங்கள் இஷ்டம். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர்களுக்குத்தான் அது உயிர்க் கவசம். அவர்களுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்பிஎஃப் 30-க்கு மேல் களிம்பு, மூன்றும் கட்டாயம்.

தையல்காரர் மறுபடியும்: அப்ப ஒன்றரை இஞ்சு பட்டை வச்சுத் தச்சாப் போதுமாம்மா?

போதும். முடிச்சை ஒரே பக்கம் போடாமல் மாற்றிப் போடச் சொல்லுங்கள், வீட்டில் இருக்கும்போது தளர்த்தச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது யாராவது இடுப்பில் புண் ஆறவில்லை என்று சொன்னால், பாவாடை தைப்பதற்கு முன் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.