வாசகர் கேள்வி பதில்: பங்களாதேஷும் புயலும்

கே: உலகத்துலயே அதிகம் பேரைக் கொன்ன புயல் எதுன்னு தேடினா திரும்பத் திரும்ப பங்களாதேஷ் பேருதான் வருது. அந்த நாட்டு தலையெழுத்தா சார் இது?
- வாசகர், கடலூர்

ப: தலையெழுத்தைவிட கடலோட அமைப்புன்னு சொல்லுங்க. நம்ம பக்கம் அகலமா கிடக்கிற வங்காள விரிகுடா வடக்க போகப் போக புனல் மாதிரி குறுகிடுது, அதுலயும் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூணும் கொண்டாந்து கொட்டின வண்டலால அங்க ஆழமே கிடையாது, அதனால புயல் தள்ளிக்கிட்டு வர்ற தண்ணிக்கு கீழ போகவும் இடமில்ல பக்கத்துல பரவவும் இடமில்ல, மேல எழும்பி ஊருக்குள்ளதான் வரணும். காத்தைவிட இந்தத் தண்ணிதான் எமன். 1876ல பாக்கர்கஞ்ச் புயல்ல சுமார் 2 லட்சம் பேர் போனாங்க. 1970 நவம்பர் 12 ராத்திரி போலா புயல், குறைஞ்சது 3 லட்சம், 5 லட்சம் வரைக்கும் கணக்கு சொல்றாங்க. 1991 ஏப்ரல் 29 சிட்டகாங் பக்கம் கிட்டத்தட்ட 1,38,000. இதுல மூணாவது நம்மள்ல பல பேரோட வாழ்நாள்ல நடந்தது, ஆனா எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு சொல்லுங்க.

கே: 1970ல ரேடியோ இருந்துச்சே, முன்கூட்டியே சொல்லலையா?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: சொன்னாங்கம்மா. அங்கதான் விஷயமே இருக்கு. புயலுக்கு அப்புறம் விசாரிச்சுப் பாத்ததுல 100க்கு 90 பேருக்கு மேல புயல் வருதுன்னு தெரிஞ்சிருந்துச்சு, ஆனா உறுதியான கட்டடத்துல போய் ஒதுங்கினது 1 சதவீதம்தான். ஏன்னு கேட்டா, முதல்ல ஒதுங்க கட்டடமே இல்ல. ஆத்து முகத்துல மண் சேர்ந்து முளைச்ச தீவுங்க, நிலமில்லாத ஜனங்க அந்த வண்டல்ல நெல்லு போட்டுப் பிழைக்கப் போனவங்க, மூங்கில் தட்டியும் கூரையும்தான் வீடு. முந்தின மாசம்தான் இதே மாதிரி பெரிய எச்சரிக்கை குடுத்து பயந்த அளவுக்கு ஒண்ணும் ஆகல, அதனால இந்தவாட்டியும் அப்படித்தான்னு இருந்துட்டாங்க. வந்தது ராத்திரி, கூடவே பௌர்ணமி ஓதம் வேற.

பிழைச்சவங்களைப் பரிசோதிச்ச டாக்டருங்க ஒண்ணு கவனிச்சாங்க. நிறைய பேருக்கு நெஞ்சுலயும், கையோட தொடையோட உள்பக்கத்துலயும் தோல் உரிஞ்சு ரணமா இருந்துச்சு. மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தண்ணியோட மல்லுக்கட்டினதுல வந்த காயம். அப்படிப் பிடிச்சுத் தொங்க தெம்பு இருந்தவன் நடுவயசு ஆம்பளை, அதனாலதான் பிழைச்சவங்கள்ல அவங்களே அதிகம், குழந்தைங்களும் வயசானவங்களும் போயிட்டாங்க.

கே: அந்தப் புயல்தான் பங்களாதேஷ் நாடு உருவாகவே காரணமாமே?
- வாசகர், ஈரோடு

ப: காரணங்கள்ல ஒண்ணு. அப்ப அது கிழக்கு பாகிஸ்தான், மேற்கு பாகிஸ்தான்ல இருந்து ஆண்ட ராணுவ ஆட்சியாளர் யாஹியா கானோட அரசாங்கம் நிவாரணத்துல காட்டின மெத்தனத்தை ஜனங்க மறக்கல. அடுத்த மாசமே தேர்தல், அங்க இருந்த 162 பொதுத் தொகுதியில 160 கிழக்குக்குத் தன்னாட்சி கேட்ட அவாமி லீக் கட்சிக்கு. மொழிச் சண்டை, பொருளாதாரப் பாரபட்சம்னு பல வருஷத்துக் கோபம் ஏற்கனவே இருந்துச்சு, புயல் அதுல எண்ணெய் ஊத்துச்சு. 1971 டிசம்பர்ல தனி நாடு.

கே: சரி, இப்ப ஏன் சாவு அவ்வளவா இல்ல? புயல் வலு குறைஞ்சிடுச்சா?
- இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: அதெல்லாம் இல்ல. 2007 சிதர் புயல் பயங்கரமானது, சுந்தரவனக் காடு கொஞ்சம் தாங்கிக்கிச்சு, இறந்தது 3,400 சொச்சம். 2020 அம்பன்ல 20 லட்சத்துக்கு மேல ஜனங்களை நகர்த்தினாங்க, அங்க சாவு ரெண்டு இலக்கத்தைத் தாண்டல. இதே கடல்ல 2008ல நர்கிஸ் புயல் பக்கத்து மியான்மர்ல 1,38,000 பேரைக் கொண்டு போயிடுச்சு, அங்க ராணுவ ஆட்சி, கிராமத்துக்கு எச்சரிக்கையும் ஒழுங்கா போகல, ஒதுங்க இடமும் கிடையாது. இயற்கைச் சீற்றம்னு நம்ம பேப்பர்ல போடறப்பல்லாம் எனக்கு இதுதான் தோணும், சீற்றம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானே.

பங்களாதேஷ் செஞ்சது பெரிய டெக்னாலஜி எல்லாம் இல்ல. போலா புயலுக்கு அப்புறம் செஞ்சிலுவைக்காரங்களோட சேர்ந்து ஊருக்கு ஊர் தன்னார்வலர்களைத் தயார் பண்ணாங்க, இன்னைக்கு 70,000க்கும் மேல. நம்ம துறைமுகத்துல ஏத்துற கூண்டு கப்பல்காரனுக்குப் புரியும், கரையில இருக்கிற பாட்டிக்கு? அதனால அங்க கொடி. நிலைமை மோசமாக ஆக கொடி கூடும், மெகாஃபோனை எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டுப் பையனே வந்து "கிளம்புங்க"ன்னு கத்துவான். தெரிஞ்ச முகம் சொன்னா நம்பறாங்க. மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்னு அடம்பிடிச்சவங்களுக்காக மாடு கட்ட மண்மேடு போட்டாங்க, ‘கில்லா’ன்னு பேரு.

பெண்கள் விஷயம்தான் லேட்டா புரிஞ்சுது. 1991ல 20லேர்ந்து 44 வயசுக்குள்ள, ஆண்களைவிட பெண்கள் நாலஞ்சு மடங்கு செத்தாங்க. வீட்டுக்காரர் வரட்டும்னு குழந்தைங்களோட காத்திருந்தது, ஊர் ஆம்பளைங்க அடைஞ்சு கிடக்கிற புயல் பாதுகாப்புக் கூடத்துல எப்படிப் போய் ராத்திரி இருக்கிறதுன்னு கூச்சம், சேலையோட நீந்த முடியாதது, எல்லாம் சேர்ந்துதான். இப்ப நிறைய முகாம்ல தனி ரூம், தனி பாத்ரூம், தன்னார்வலர்ல பாதி பெண்கள்.

கே: அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?
- வாசகர், சேலம்

ப: உயிர் மிஞ்சுது, பொழப்பு மிஞ்சல. 2009 ஐலா புயல்ல அங்க இறந்தது சுமார் 190 பேர்தான், ஆனா குல்னா பக்கம் கரை உடைஞ்சு உப்புத்தண்ணி வயல்ல ஏறி, தாகோப், கொய்ரா பக்கத்து ஜனங்க வருஷக்கணக்குல உடைஞ்ச கரை மேலயே குடிசை போட்டு இருந்தாங்க, நெல்லு விளையல, குளத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. நிறைய பேர் டாக்கா போய் ரிக்‌ஷா மிதிக்கப் போயிட்டாங்க, அவங்க எந்த புயல் கணக்குலயும் வரமாட்டாங்க.