10.30க்கு வரும் அழைப்பு

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. இரவு 11.30 ஆகியும் நித்திரை கொள்கிறான் இல்லை; காலையில் எழுப்பவே முடியவில்லை. நித்திரை வரவென்று மச்சாள் கனடாவிலிருந்து அனுப்பிய 5 மில்லிகிராம் மெலடோனின் இனிப்பில் ஒன்று கொடுத்தேன், இப்போது இரண்டு. கணவர் ரொறன்ரோவில். அவர் சாப்பாட்டு இடைவேளையில், இங்கே 10.30க்கு, வட்ஸ்அப்பில் கதைத்த பிறகுதான் இவன் படுக்கைக்கே வருவான். இன்னும் கூட்டலாமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: கூட்டக்கூடாது. தேவை கண்டால் வைத்தியர்கள் 0.5 அல்லது 1 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நீங்கள் 10இல் நிற்கிறீர்கள். அதுவும் போத்தலில் எழுதியது உண்மையானால்! 2023இல் அமெரிக்காவில் இப்படியான 25 இனிப்புகளைச் சோதித்தபோது 22இல் அளவு பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. காலையில் அவன் எழும்பாததில் அந்த மருந்தின் மிச்சமும் இருக்கலாம்.

10.30 அழைப்பை ஏதோ மழை வெயில் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை அப்பாவுக்காக முழித்திருக்கிறான், அம்மா! பொழுதுபட்டால் நித்திரைக்காக மூளையில் தானாகச் சுரப்பதுதான் மெலடோனின். சிறுவர் கண்ணுக்கு வெளிச்சம் பெரியவர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். முகத்துக்கு நேரே போன் திரையைப் பிடித்தால் அந்தச் சுரப்பு அடங்கிவிடும்.

கணவரிடம் சொல்லுங்கள், அழைப்பு இனிக் காலை 6.15க்கு. அங்கே மாரியில் முதல்நாள் இரவு 7.45, கோடையில் 8.45. பிள்ளைக்காகத்தானே கடல் கடந்தார்; பிள்ளையின் நேரத்துக்கு அவர் வரட்டும். சொல்லத் தயங்குவீர்கள் என்று தெரியும், அதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் இருவரும் கதைக்க வேண்டுமென்றால் அவன் படுத்தபின் கதையுங்கள்.

காலையில் விறாந்தையில் வெளிச்சம் படும்படி இருத்திக் கதைக்க விடுங்கள். உடம்பின் மணிக்கூடு முன்னுக்கு நகரும். ஞாயிறும் 6 மணிக்கு எழுப்புங்கள். முதல் நாளே 9 மணிக்குப் படுக்க வைத்தால் புரண்டு புரண்டு படுக்கையையே வெறுப்பான். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்கு எடுங்கள். 9 மணிக்கு வர ஒரு மாதம் பிடிக்கும். இந்த வயதுக்கு 9 மணித்தியாலமாவது வேண்டும். பின்னேரத் தேத்தண்ணியை நிறுத்துங்கள்.

போத்தலை அலுமாரியில் பூட்டுங்கள், இனிப்பென்று அவனே எடுத்துத் தின்பான். இந்த வாரமே அதைக் கொண்டுபோய்க் குழந்தைநல வைத்தியரிடம் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். குறட்டை விட்டாலோ படுக்கையில் கால்களை உதறிக்கொண்டிருந்தாலோ அதையும் சொல்லுங்கள். முதலாவதற்கு டொன்சில் வீக்கமும் மற்றதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம்.

முதல் வாரம் 10.30க்கு அழுவான். போனை மற்ற அறையில் வையுங்கள்.